வீட்டுக்கு அடுத்த ஸ்டாப்பு

தண்ணித்தொட்டி ஸ்டாப்புங்களா தம்பி? சொல்றேன், கவலைப்படாம உக்காருங்க. நானும் அங்கதான் எறங்குவேன். கண்டக்டரை நம்பாதீங்க, அவரு டிக்கெட்டைக் கிழிச்சதோட உங்களை மறந்திருப்பாரு. என்கூடவே எறங்கிக்கங்க.

வீடு அங்கதானான்னா, இல்லீங்க. வீடு அதுக்கு முந்தின ஸ்டாப்பு, வேலன் நகர். ஸ்டாப்புக்கு நேர் எதுக்க ஒரு பேக்கரி இருக்கும், அதுக்கு மேல் மாடி. பஸ்ஸை விட்டு எறங்கி ரோட்டைத் தாண்டினா எங்க படிக்கட்டு. அப்பறம் எதுக்கு அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்ப நடந்து வர்றான் இந்த ஆளுன்னு நெனைப்பீங்க. வெளியூர்க்காரரு, மரியாதைக்குக் கேக்காம இருக்கீங்க. சக்கரை இருக்குது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்கன்னு கம்பெனியில சொல்லி வெச்சிருக்கறேன். சக்கரையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.

பாருங்க, பாலம் வேலை நடக்குது, வண்டி நகரலை. இனி உருண்டு உருண்டுதான் போகும். பேசாம உக்காந்திருக்க என்னால ஆகாதுங்க. இன்னைக்கு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பொண்ணு வீட்டுக்கு வர்ற நாளு. வந்துருச்சோ, வரலையோ, தெரியலை. காங்கேயத்துல அவங்க சித்தி வீட்டுல போய் உக்காந்துட்டு, இனி இங்கிருந்தே ஸ்கூலுக்குப் போறேன், அங்க வரமாட்டேன்னு சொல்லீருச்சுங்க. பத்தாவது படிக்கற புள்ள. காத்தால எங்க வீட்டுக்காரம்மா கூட்டிட்டு வரப் போயிருக்குது. நான் போகலை. போயி அதும் முன்னால நின்னு என்னன்னு கூப்பிடறது?

மிருதுளான்னு பேரு. பையன் தரணீஷ், அவன் பன்னெண்டாவது. நான் நாச்சிமுத்துங்க.

நான் பெரிய கொடுமைக்காரன்னு நெனைச்சுக்காதீங்க. குடிக்கறதில்லை, அடிக்கறதில்லை. புள்ளைகளை நல்லா வளக்கோணும்னுதான் ஒவ்வொண்ணும் பண்ணுனேன். இது எல்லாத்துக்கும் ஆரம்பமே ஒரு நல்ல காரியம்தானுங்க. துணி தொவைக்கற காரியம்.

எங்க வீட்டுக்காரம்மா, வசந்தாமணி, டெய்லருங்க. வாரம் பூரா கம்பெனி மெஷின்ல குனிஞ்சு தெக்கறது, ஞாயித்துக்கெழமையானா வீட்டு மெஷின்ல குனிஞ்சு நாலு பேரு துணியைத் தொவைக்கறது. ரெண்டு தொட்டி மெஷினு, இதுல இருந்து அதுக்குத் தூக்கிப் போடோணும். ஒரு ஞாயித்துக்கெழமை குனிஞ்ச கழுத்து நிமிர வரலை. அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டுது. அப்ப உள்ள இருந்து பையன் கத்தறான், "அம்மா, என்ற நீல டீ ஷர்ட்டு எங்கீங்?" எனக்கு வந்துது பாருங்க கோவம். அன்னைக்கே சொல்லீட்டேன். இனி அவங்கவங்க துணி அவங்கவங்கதான் தொவைக்கோணும். பையன், பொண்ணு, நான், எல்லாரும். எனக்கும் சேத்துத்தானுங்க சொன்னேன். நான் இன்னும் ஆரம்பிக்கலை, அது வேற.

நானே கத்துக் குடுத்தேன். பனியன் கம்பெனிக்காரனுக்குத் துணியைப் பத்திச் சொல்லியா தரோணும்? வெள்ளை தனி, சாயம் போறது தனி. காயப் போடறப்ப உள்பக்கம் வெளிய வரோணும். சட்டையில லேபிள் இருக்குதில்லீங்களா, அதுல படம் போட்டிருக்கும். சதுரத்துக்குள்ள மேல ஒரு வளைஞ்ச கோடு இருந்தா கொடியில காயப் போடோணும்னு அர்த்தம். பொண்ணு கப்புனு புடிச்சுக்கிச்சு. பையன் சிவப்பு டவுசரையும் ஸ்கூல் சட்டையையும் ஒண்ணாப் போட்டு அலசி எடுத்தான், அத்தனை சட்டையும் ரோஸ் கலர். ரோஸ்மில்க்குன்னு கிளாஸ்ல பேரு வெச்சுட்டாங்க. அதுக்கப்பறம் அவன் ஒரே ஜீன்ஸை மாசக்கணக்காப் போட்டுட்டு, "ஜீன்ஸைத் தொவைக்கக் கூடாதுங்ப்பா, கம்பெனியே சொல்லுது"ங்கறான்.

பொண்ணு அப்படியில்லீங்க. சனிக்கெழமை சாயங்காலம் ஊற வெச்சு, ஞாயித்துக்கெழமை காத்தால பால்கனிக் கொடியில வரிசையாக் கிளிப்பு மாட்டிக் காயப் போட்டுரும். யூனிபார்ம் ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். பாத்தா கண்ணு நெறைஞ்சிருக்கும். நான் கம்பெனி டீக்கடையில சொல்லாத ஆளு இல்லை. என்ற பொண்ணு பத்தாவதுதான் படிக்குது, அது துணியை அதுவே பாத்துக்குதுன்னு. எங்க மேனேஜரே, "நாச்சிமுத்தண்ணே, என்ற பொண்ணையும் உங்க வீட்டுல கொண்டாந்து விடறேன்"னாரு.

வண்டி நகருதுங்களா? இல்லை, பெரேக்கை விட்டுப் பாக்கறாரு.

அப்பறம் ஒரு நாளு. ஆடி மாசம் முடியற சமயம். அன்னைக்கு ஷிப்மெண்ட்டு, ஞாயித்துக்கெழமையும் வேலை. முடிச்சுட்டு இதே பஸ்ஸுல வர்றேன். நின்னுட்டுத்தான் வந்தேன். வேலன் நகர் ஸ்டாப்புல பஸ் நிக்குது, நான் எறங்கறதுக்குப் பையை எடுக்கறேன். பக்கத்துல ரெண்டு பசங்க, காலேஜ் பசங்க மாதிரி. ஒருத்தன் எங்க பால்கனியைக் காட்டி, "டேய், அங்க பாரு. ஷோரூம் தெறந்திருக்குது"ங்கறான். இன்னொருத்தன் சிரிக்கறான். பஸ்ஸே திரும்பிப் பாத்துதுங்க. கொடியில என்ற பொண்ணுது காயுது.

நான் ஒண்ணும் சொல்லலை. என்னத்தைச் சொல்றது? எறங்கினா நேரா அந்தப் படியிலதான் ஏறோணும். பஸ்ஸு கெளம்பற வரைக்கும் அவங்க பாத்துட்டுத்தான இருப்பாங்க. பையைக் கீழ வெச்சுட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தேன். அன்னைக்குப் புடிச்சது. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியைக் கூப்பிட்டேன். "மிருதுளா அம்மணிகிட்டச் சொல்லி வை. அதெல்லாம் ரோட்டைப் பாத்து வெளிய காயக் கூடாது."

"எதெல்லாம்?"

"அதுதான் புள்ள. சின்னத் துணி."

"கர்ச்சீப்புங்களா?"

வேணும்னே கேக்கறா பாருங்க. நான் மொறைச்சேன். அவ இடுப்புல கை வெச்சுட்டு, "காத்தால இருந்து பொழுது சாயற வரைக்கும் அதைத்தான டேபிள்ல விரிச்சு வெச்சுப் பாத்துட்டு வர்றீங்க. பேரு சொல்ல வாய் வரலீங்களா?"ன்னா.

தம்பி, நீங்க நெனைக்கறதுக்கு முன்னால சொல்லீர்றேன். எங்க கம்பெனி எக்ஸ்போர்ட்டு. லேடீஸ் ஐட்டம். உள்ளுக்குப் போடறது. நான் செக்கிங் சூப்பர்வைசர். டியூப் லைட்டுக்குக் கீழ விரிச்சுப் பாக்கோணும். ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு. எத்தனையோ வருஷமா இதே வேலை. அது சரக்குங்க. அரிசிக் கடைக்காரனுக்கு அரிசி மாதிரி. அதை அவகிட்டயும் சொன்னேன், "அது சரக்கு புள்ள, இது வீடு."

"அப்ப வீட்டுல இருக்கறவங்க எதைப் போடறது?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. "சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்கங்க. எனக்கு அப்படிச் சொல்ல வராது."

நான் எப்படீங்க சொல்றது, பெத்த பொண்ணுகிட்ட? வாயில சொல்லலை. செஞ்சு காட்டுனேன். பாத்ரூம் கதவுக்குப் பின்னால ரெண்டு ஆணி அடிச்சு, நல்ல நைலான் கயிறு வாங்கி, ஒரு கொடி கட்டிக் குடுத்தேன். புதுக் கிளிப்பும் ஒரு டஜன் வாங்கி மாட்டி வெச்சேன். "அம்மணி, உனக்குன்னு தனியாக் கொடி. உள்ளுக்குப் போடறது இதுல." அவ்வளவுதான் சொன்னேன். கொடியைப் பாத்துது, என்னைப் பாத்துது. "அண்ணன்து?"ன்னு கேட்டுது.

"அவன்து வெளியவே கெடக்கட்டும். ஆம்பளப் பையன்து, யாரு பாக்கப் போறா?"

வேற ஒண்ணும் கேக்கலை. நல்ல பொண்ணுங்க. எதுத்துப் பேசவே பேசாது. அதுதான் எனக்கு அப்பத் தெரிஞ்சது.

பாத்ரூம்ல ஜன்னல்னு ஒரு சந்து இருக்குது, பக்கத்து வீட்டுச் செவுத்தைப் பாத்து. வெயிலுக்கு அங்க வேலையே இல்லை. சரி, காத்துல காஞ்சுக்கும்னு விட்டுட்டேன். அப்பறம் ஐப்பசி வந்துது. இந்தத் தடவை பேஞ்ச மழை தெரியுமில்லீங்களா? நொய்யல் ஆத்துல தண்ணி போறதை வேடிக்கை பாக்க ஊரே போச்சு. செவுரெல்லாம் ஓதம். பொண்ணு ஒரு நாளு காத்தால நான் பேப்பர் படிக்கறப்ப வந்து நின்னுது. "அப்பா, அந்தக் கொடியில ஒண்ணுமே காயறதில்லீங்ப்பா."

பாருங்க, எங்கிட்டச் சொல்லுச்சு. சொல்லலைன்னு சொல்ல முடியாது. இன்னைக்கு நெனைச்சா, அது அந்த ஒரு வரியைச் சொல்றதுக்கு எத்தனை நாளு யோசிச்சிருக்கும்னு தோணுது. நான் பேப்பரை எறக்கலை. "பாக்கலாம் கண்ணு"ன்னேன்.

பாக்கவும் பாத்தேன். சும்மா விட்டுரலை. எங்க கம்பெனியில செகண்ட்ஸ் பீஸ் இருக்கும். தையல்ல சின்னக் கொறை, ஏத்துமதிக்கு ஆகாது, போட்டுக்க ஒண்ணும் குத்தமில்லை. கம்பெனி ஆளுகளுக்குக் குடுப்பாங்க. அதுல அளவு பாத்து ஒரு கட்டு எடுத்து, பேப்பர்ல சுத்தி, பொண்ணு படிக்கற டேபிள் மேல வெச்சுட்டு வந்துட்டேன். ஒண்ணு காயலைன்னா இன்னொண்ணு எடுத்துப் போட்டுக்கட்டும். அது தீந்தா இன்னொரு கட்டு. மத்த அப்பனுக்கு இது முடியுங்களா? இதை நான் பெரிய புத்திசாலித்தனம்னு நெனைச்சேன் தம்பி. காயறதுக்கு வழி பண்ணாம, காயாததுக்கு வழி பண்ணியிருக்கறேன்.

பீஸ் சேரச் சேரக் கொடியில எடம் பத்தலை. பாத்ரூம்ல அண்ணன் குளிக்கறான், நான் குளிக்கறேன். நாங்க போறதுக்கு முன்னால அந்தப் புள்ள எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிரும். காஞ்சாலும் சரி, காயலைன்னாலும் சரி. கவர்ல போட்டு அலமாரிக்குள்ள வெச்சுரும். இது எதுவும் எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், பாத்ரூம் எப்பவும் சுத்தமா இருக்குதுன்னுதான்.

அப்பறம் பொண்ணு நின்னுட்டே படிக்க ஆரம்பிச்சுது. நாற்காலியைத் தள்ளி வெச்சுட்டு, ஜன்னல்கிட்ட நின்னுட்டு. "நின்னுட்டே படிச்சா மண்டையில ஏறுமா?"ன்னு நான் சத்தம் போட்டேன். ஸ்கூலுக்கு சைக்கிளை எடுக்கறதில்லை, நடந்து போகுது. "சைக்கிள் வாங்கிக் குடுத்தது அழகு பாக்கறதுக்கா?"ன்னேன். "நடந்தா நல்லதுங்ப்பா"ன்னுச்சு. டீக்கடையில இதையும் பெருமையாச் சொன்னேனுங்க. என்ற பொண்ணு உடற்பயிற்சி பண்ணுதுன்னு.

அரையாண்டுப் பரீட்சையில கணக்குப் பேப்பரைப் பாதியில குடுத்துட்டு எந்திரிச்சு வந்துருச்சு. கணக்குல எப்பவும் மொதல்ல வர்ற புள்ளைங்க. கிளாஸ் டீச்சர் வசந்தாமணிக்குப் போன் பண்ணி, "உங்க பொண்ணால பெஞ்சுல உக்கார முடியலைங்க, என்னன்னு கேளுங்க"ன்னாங்க. அம்மாகிட்ட அன்னைக்குத்தான் சொல்லியிருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு வீட்டுல நிக்கற என்ற வண்டி வேணும், அதனால நானும் போனேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். நான் பாட்டுக்கு வெளியவே இருந்திருப்பேன். அந்த டாக்டரம்மாதான் நர்ஸை விட்டுக் கூப்பிட்டுது.

உள்ள போனேன். பொண்ணு தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்குது. அவங்கம்மா மூக்கை உறிஞ்சீட்டு நிக்கறா.

"துணியெல்லாம் யாரு தொவைக்கறாங்க?"ன்னுச்சு டாக்டரம்மா.

எனக்குப் பெருமைதானுங்க. "அதுவே தொவைச்சுக்கும் மேடம். எங்க வீட்டுல அவங்கவங்க துணி அவங்கவங்கதான்."

"நல்ல பழக்கம். எங்க காயுது?"

"பாத்ரூம்ல மேடம். தனியாக் கொடி கட்டிக் குடுத்திருக்கறேன்."

"அங்க வெயில் வருமா?"

"யாரும் பாக்க முடியாது மேடம்."

பேனாவை மேசை மேல வெச்சுட்டுது அந்தம்மா. "நான் வெயிலைக் கேட்டேன்."

வராதுன்னு தலையை ஆட்டுனேன். மாசக்கணக்கா ஈரத் துணியைப் போட்டிருக்குது, அதனால வந்த படை, கடைசியில புண்ணாயிருக்குதுன்னுச்சு. "களிம்பு தர்றேன், மாத்திரை தர்றேன். ஆறிரும். ஆனா மருந்து பாதி, வெயில் பாதி. வெயிலை நான் எழுதித் தர முடியாது." அதோட விட்டிருக்கலாம் அந்தம்மா. விடலை. "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"பனியன் கம்பெனிங்க. செக்கிங்."

"பனியனா?"

"ஆமாங்க. பனியன்."

அதுவரைக்கும் வாயே தெறக்காத பொண்ணு தரையைப் பாத்துட்டே சொல்லுது, "பனியன் இல்லீங்க மேடம். லேடீஸ் இன்னர்ஸ்."

ஓரமா நின்னுட்டிருந்த நர்ஸ் புள்ளை வாயைப் பொத்திக்கிச்சு. டாக்டரம்மா சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. மருந்துச் சீட்டை வசந்தாமணி கையில குடுத்துது. என்ற கையில குடுக்கலை.

நீங்களே சொல்லுங்க தம்பி, தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? நர்ஸ் இருக்கறாங்க, வெளிய ஆளுக இருக்கறாங்க, கதவு பாதி தெறந்திருக்குது. பெத்த பொண்ணை வெச்சுட்டு. வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்துனதும் கேட்டுட்டேன், "அங்க அதைச் சொல்லோணுமா அம்மணி? பனியன்னே விட்டிருக்கலாமில்ல?"

பொண்ணு படியேறிப் போயிருச்சு. வசந்தாமணிதான், "வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா.

கேக்கலை. அந்த எடத்துல எனக்கு அது தோணலை. கேக்கோணும்னு தெரியாம இல்லீங்க, எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை.

அவ மாடிக்குப் போனா, நானும் பின்னாலயே ஏறுனேன். போனவ அலமாரியில இருந்து அந்தக் கவரைத் தூக்கிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில கொட்டுனா. டியூப் லைட்டைப் போட்டா. "பாருங்க. உங்க வேலைதான. செக்கிங் பண்ணுங்க."

பாத்தேன். கையில எடுக்காமயே தெரிஞ்சுது. கறுப்புக் கறுப்பாப் பொட்டு. பூஞ்சைங்க. ஒரு தடவை எங்க கம்பெனியில ஈரம் போகாமக் கட்டி அனுப்பி, கப்பல்ல போன சரக்கு பூராவும் இப்படிப் பொட்டு விழுந்து திரும்பி வந்துது. அன்னைக்கு பேக்கிங்ல இருந்த ஒரு பொண்ணை, ஈரத்தோட நீ எப்படிக் கட்டலாம்னு எல்லாரும் பாக்க நான் கேட்ட கேள்வியில, அது அழுதுட்டு வேலையை விட்டே போயிருச்சு. இந்தப் பொட்டை நான் பத்தடி தள்ளி நின்னே கண்டுபுடிப்பேன். என்ற வீட்டு அலமாரியில இருந்திருக்குது. நான் அடிச்ச ஆணியில காயாமத் தொங்குனது, நான் கொண்டாந்து குடுத்த பீஸு.

அப்பாடா, வண்டி நகருது. பாலத்தைத் தாண்டிட்டா சுருக்காப் போயிரும்.

மறுநாளே ஆணியைப் புடுங்கிட்டேன். பால்கனியில புதுக் கயிறு கட்டுனேன், பழசை விட நீளமா. வெயில் நல்லா விழுகற பக்கமாப் பாத்துத்தான் கட்டுனேன். தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கற ஆளுங்க நான். அதோட விட்டிருந்தா இன்னைக்கு நான் உங்ககிட்ட இதைச் சொல்லீட்டு உக்காந்திருக்க மாட்டேன். கயிறு கட்டுன கையோட, நாத்துப் பண்ணையில கட்டுவாங்களே, பச்சை வலை, அதை வாங்கியாந்து பால்கனி முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துக் கட்டீட்டேன். வெயிலும் வரும், ரோட்டுக்கும் தெரியாது. யோசிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் ஆச்சு. அவளுக்காகத்தானுங்க கட்டுனேன்.

பையன் வந்து பாத்துட்டு, "அப்பா, அப்படியே உள்ள தக்காளி போட்டரலாங்ப்பா, நல்லா வரும்"ங்கறான். வசந்தாமணி, "வெயிலுக்கு எதுக்கு வடிகட்டி?"ன்னா. பொண்ணு மட்டும் கிட்டக்க வந்து, வலையில வெரலை விட்டுப் பாத்துது. அப்பறம் கேட்டுது. அதுதான் மொத மொதல்ல என்னை நேராப் பாத்துக் கேட்டது.

"அப்பா, இந்த வலை எனக்குங்களா, உங்களுக்குங்களா?"

அவ்வளவுதான். சத்தம் போடலை, அழுகலை. அடுத்த நாளு பையில துணியை எடுத்து வெச்சுட்டு, லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போறேன்னுச்சு. சித்தி வீடு தோட்டத்துக்குள்ள. கொடியெல்லாம் வெட்டவெளி. போயிட்டு, இனி வரலைன்னுருச்சு. நான் போன்ல கூப்பிட்டா சித்தி எடுக்குது. "அம்மணி குளிக்குதுங்க மாமா"ங்குது. எப்பக் கூப்பிட்டாலும் குளிக்குது.

இன்னைக்குக் காத்தால வசந்தாமணி கெளம்புனதுக்கு அப்பறம் வலையை அறுத்துப் போட்டேன். பையன் ஸ்டூலைப் புடிச்சுட்டு நின்னான்.  அறுத்து முடிச்சதும், "பேக்கரியில குடுத்தர்றேங்ப்பா, வாசல்ல வெயிலுக்குக் கட்ட ஆகும்"னு எடுத்துட்டுப் போயிட்டான். நான் கம்பெனிக்கு வந்துட்டேன். மத்தியானம் வசந்தாமணிக்குப் போன் போட்டேன். எடுக்கலை. பஸ்ஸுல சத்தத்துல கேட்டிருக்காது. இல்லைன்னா எடுக்க மனசு வந்திருக்காது.

அதனால எனக்குத் தெரிஞ்சுக்கறதுக்கு ஒரே வழிதான் இருக்குது. அந்தப் புள்ள எங்க போயிட்டு வந்தாலும் அழுக்குத் துணியைப் பையில விட்டு வெக்காது. வந்த காலோட நனைச்சு, அலசி, காயப் போட்டுரும். வந்திருந்தா இந்நேரம் கொடியில இருக்கும். வந்திருந்தும், பால்கனியில போட மனசில்லாம இருந்தா... அது வராததை விட மோசமுங்க.

தம்பி, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு பஸ்ஸுல ஒண்ணும் சொல்லலைன்னேன் பாருங்க. அது சரியில்லை. அந்தப் பசங்க சிரிச்சப்ப, எனக்கு முன் சீட்டுல இருந்த ஒரு பெரியவரு, வெள்ளை வேட்டி சட்டை, என்னைத் திரும்பிப் பாத்து, "குடும்பம் நடத்தற லட்சணத்தைப் பாத்தீங்களா?"ன்னாரு. நான், "ஆமாங்க, என்ன வளப்போ"ன்னேன். சொல்லீட்டுத்தான் பையைக் கீழ வெச்சேன். இதை வசந்தாமணிகிட்டச் சொன்னதில்லை. யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க தண்ணித்தொட்டியில எறங்கிப் போயிருவீங்க.

அதோ, பெட்ரோல் பங்க் வந்துருச்சுங்களா? அதைத் தாண்டினா வேலன் நகர். நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க. எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. பஸ்ஸு நிக்கறப்ப உங்க கைப்பக்கம் பேக்கரி தெரியும், மஞ்சள் போர்டு. அதுக்கு மேல பால்கனி, நீலக் கம்பி. கொடியில என்ன இருக்குதுன்னு பாத்து எனக்குச் சொல்லுங்க. நான் பாக்கலை. எனக்குத் தெம்பில்லை. நான் டிரைவர் முதுகையே பாத்துட்டு இருக்கறேன், நீங்க சொல்லுங்க.

நின்னுருச்சு. தெரியுதுங்களா?

சட்டைங்களா? ரோஸ் கலரா? அது பையன்து, அதை விடுங்க. அதுக்குப் பக்கத்துல?

சுடிதாரு. சரி. பச்சைங்களா? ஆமாங்க, பொண்ணுதுதான். வந்துருச்சு. அதுக்கு அந்தப் பக்கம் பாருங்க தம்பி. கொடியோட கோடி வரைக்கும் பாருங்க. என்ன இருக்குது?

என்னங்க, தலையைக் குனிஞ்சுட்டீங்க? பாருங்கன்னா. சொல்லுங்க. எதுக்கு இப்பக் காலைப் பாக்கறீங்க?

ஓ.

சரிங்க. சரி. சொல்ல வேண்டாம், அது பேரு எனக்கும் வாயில வராது. தெரிஞ்சு போச்சு.

இந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. இல்லீங்க, உங்க ஸ்டாப்பு அடுத்ததுதான், பயப்படாதீங்க, தண்ணித்தொட்டி பெருசாத் தெரியும். நான் இங்கயே எறங்கிக்கறேன். கண்டக்டரே, விசிலடிச்சராதீங்க, எறக்கம் இருக்குது! ஏனுங்க, கொஞ்சம் நகந்துக்கங்க. நிக்கறவங்க வழி விடுங்க. எங்க போறேன்னுங்களா? அதோ, பேக்கரிக்கு மேல, துணி காயுது பாருங்க. அந்த வீட்டுக்குத்தான்.